தற்காலிகமாக வந்து 35 வருஷம் ஓடிய ரயில்

2007-ல் வேலை நிமித்தம் பதினோரு மாதம் மான்செஸ்டரில் இருந்தேன். அலுவலகம் நகரின் நடுவில். வாடகைக்கு இடம் கிடைத்ததோ ஊருக்கு வெளியே, மார்பிள் பக்கத்தில். தினமும் காலையில் ரோஸ் ஹில் ஸ்டேஷனில் ஏறி மான்செஸ்டர் பிக்காடிலியில் இறங்க வேண்டும்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ரயில் பைத்தியம் உண்டு. நீராவி எஞ்சினை வைத்து இரண்டு பெரிய நகரங்களை இணைத்த உலகின் முதல் பாதை, 1830-ல் திறந்த லிவர்பூல் - மான்செஸ்டர் பாதைதான். அப்படிப்பட்ட ஊரில் தினமும் ரயிலில் போகப்போகிறோம் என்று முதல் நாள் ஒரு அரை மணி நேரம் முன்னாடியே போய் நின்றேன்.

வந்து நின்றது ஒரு பஸ்.

முன்பக்கக் கண்ணாடி பஸ் மாதிரி. ஜன்னல் பஸ் ஜன்னல். கதவு பஸ் போல மடிந்து திறந்தது. உள்ளே ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் உட்காரும், முதுகு தாழ்ந்த பெஞ்சு சீட்டுகள். நான் பல்லவன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போன ஆள். அதனால் அந்நியமாகவே தெரியவில்லை. கிளம்பியதும் முன்னும் பின்னும் தலையை ஆட்டிக்கொண்டே போனது. ஒரு வளைவில் சக்கரம் கிறீச்சிட்ட சத்தத்தில், எதிர் சீட்டில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சத்தம் ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்கள். அவ்வளவு பழகியிருக்கிறது.

அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு ஆங்கிலேயரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “நீ வந்தது ரயில் இல்லப்பா, பஸ்ஸேதான். பஸ் உடம்பை எடுத்து கூட்ஸ் வண்டிச் சக்கரத்து மேல வச்சாங்க. இருபது வருஷத்துக்குன்னு சொல்லித்தான் வாங்கினாங்க. அந்த இருபது வருஷம் போன வருஷத்தோட முடிஞ்சிடுச்சு” என்றார்.

அந்த ரயிலின் பெயர் பேசர். அவர் அப்படிச் சொன்ன பிறகும் பதின்மூன்று வருஷம் ஓடியது. ஏன் ஓடியது என்பதுதான் என்னை விடாமல் துரத்திய கேள்வி. கிடைத்த நேரத்தில் எல்லாம் படித்துச் சேர்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

பணம் இல்லாத ரயில்வே

1955-ல் பிரிட்டிஷ் ரயில்வே ஒரு பெரிய நவீனமயத் திட்டம் போட்டது. நீராவியை ஒழித்துவிட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவது. கிளைப் பாதைகளுக்காக டீசல் மல்டிபிள் யூனிட்டுகளை ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். தனி எஞ்சின் கிடையாது. பெட்டிகளின் அடியிலேயே டீசல் எஞ்சின். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை. நம்மூர் டெமு ரயிலும் இதே இனம்தான்.

ஆனால் ஜனங்கள் காருக்கும் பஸ்ஸுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 1963-ல் ரிச்சர்ட் பீச்சிங் தன் புகழ்பெற்ற அறிக்கையைக் கொடுத்தார். 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்ன அறிக்கை. முழுக்க நடக்கவில்லை என்றாலும் பெரும்பகுதி நடந்தது. மூடலிலிருந்து தப்பிய கிளைப் பாதைகள் தலைக்கு மேல் கத்தி தொங்க ஓடிக்கொண்டிருந்தன.

1970-களின் கடைசியில் அந்தப் பழைய டீசல் ரயில்கள் கிழடு தட்டின. பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு. எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். அதே தரத்தில் புது ரயில் வாங்கினால் கிளைப் பாதையின் வருமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. ரயில் வாங்காமல் விட்டால் பாதையே போய்விடும். மலிவாக ஒரு ரயில் வேண்டும். பேசரின் பிறப்புக்குக் காரணம் இந்த ஒரு வரிதான்.

பஸ்ஸை ரயிலாக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. ஜெர்மனியில் 1950-லிருந்தே ஊர்டிங்கன் தொழிற்சாலையின் ரெயில்பஸ்கள் ஓடின. கிளைப் பாதைகளைக் காப்பாற்றிய வண்டி என்று அங்கே அவற்றுக்குப் பெயர். பிரிட்டனே 1958-ல் ஐந்து கம்பெனிகளிடமிருந்து 22 ரெயில்பஸ்களை வாங்கிப் பார்த்தது. அது எடுபடவில்லை; பத்து வருஷத்துக்குள் எல்லாம் ஓரங்கட்டப்பட்டன. ஆனால் 1970-களில் பிரிட்டனிடம் முன்பு இல்லாத இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று ஒரு ஆராய்ச்சி. இன்னொன்று ஒரு பஸ்.

கூட்ஸ் வண்டியிலிருந்து வந்த சக்கரம்

முதலில் ஆராய்ச்சி. இதற்குக் கொஞ்சம் மெக்கானிக்ஸ் வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான்.

நம் ஊரில் ‘போகி’ என்றால் ரயில் பெட்டி என்றே அர்த்தம். உண்மையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகளைத் தாங்கி, தனியாகத் திரும்பக்கூடிய அந்தச் சட்டம். சாதாரணப் பயணிகள் பெட்டிக்கு இந்த மாதிரி இரண்டு போகி, மொத்தம் நான்கு அச்சு. வளைவு வந்தால் போகி திரும்பிக்கொடுக்கும். பழைய கூட்ஸ் வேகன்களில் போகி கிடையாது. மாட்டு வண்டியை இரண்டாக நீட்டியதுபோல முன்னால் ஒரு அச்சு, பின்னால் ஒரு அச்சு, அவ்வளவுதான். செய்வது மலிவு, எடை குறைவு.

இந்த இரண்டு அச்சு வேகன்களை வேகமாக இழுத்தால் தடம் புரண்டன. காரணம் சக்கரத்தின் வடிவம். ரயில் சக்கரம் முழு உருளை அல்ல, லேசான கூம்பு. வண்டி ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கச் சக்கரம் தன் பெரிய சுற்றளவில் ஓடும். அதனால் வண்டி தானாகவே நடுவுக்குத் திரும்பும். அழகான ஏற்பாடு. ஆனால் வேகம் கூடினால் நடுவுக்குத் திரும்பியது அங்கே நிற்காமல் அந்தப் பக்கம் போகும், பிறகு இந்தப் பக்கம். ஊஞ்சல் மாதிரி வளர்ந்துகொண்டே போய், கடைசியில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும்.

1960-களில் டெர்பி நகரில் இருந்த பிரிட்டிஷ் ரயில்வே ஆராய்ச்சிப் பிரிவு இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டது. விமானத் துறையிலிருந்து வந்த ஆலன் விக்கன்ஸ் தலைமையிலான குழு, கணித மாதிரி போட்டு, எந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருந்தால் இந்த ஆட்டம் அடங்கும் என்று கண்டுபிடித்தது. அதிவேக கூட்ஸ் வேகன் ஒன்றையும் கட்டி ஓட்டிக் காட்டினார்கள். இரண்டே அச்சு உள்ள வண்டியும் நேர்ப்பாதையில் நிலைகுலையாமல் வேகமாக ஓட முடியும் என்று நிரூபணம் ஆனது.

அடுத்தது பஸ். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில் வொர்க்கிங்டன் அருகே 1972-லிருந்து லேலண்ட் நேஷனல் என்ற பஸ்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லேலண்ட் என்றதும் நமக்கு எண்ணூர் ஞாபகம் வரும். வரத்தான் வேண்டும். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியது, 1955-ல் இங்கிலாந்தின் லேலண்ட் பங்கு சேர்ந்ததும்தான் அசோக் லேலண்ட் ஆனது. எனக்குப் பல்லவன் ஞாபகம் வந்தது சும்மா இல்லை என்று இதைப் படித்தபோது தோன்றியது.

இந்த லேலண்ட் நேஷனல், சேசிஸ் தனியாக, உடம்பு தனியாகக் கட்டும் பஸ் அல்ல. ஒரே அளவுத் துண்டுகளைச் சேர்த்து, கார் தொழிற்சாலை பாணியில், முழுக் கூடாகச் செய்தார்கள். இன்னும் இரண்டு துண்டு சேர்த்தால் நீளமான பஸ். குறைத்தால் குட்டை பஸ். சாஃப்ட்வேர்காரனுக்கு இது உடனே புரியும்: தயாராக இருக்கும் மாட்யூல்.

பஸ் உடம்பு, கூட்ஸ் சக்கரம். 1978-ல் இரண்டையும் சேர்த்துச் சோதனை வண்டி ஒன்று செய்தார்கள். எல்.இ.வி.-1 என்று பெயர். பார்த்தால் இரண்டு பஸ்ஸின் முன்பாதியை முதுகோடு முதுகு ஒட்டின மாதிரி இருக்கும்.

ஒரு குடும்பம் உருவாகிறது

சோதனை வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் தனியாக ஓடும் சோதனை வண்டி வேறு, மற்ற ரயில்களோடு ஒரே பாதையில் பயணிகளை ஏற்றிப்போகும் வண்டி வேறு. மோதினால் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று ரயில்வேக்கு விதிகள் உண்டு. அதற்காக உடம்பை வலுப்படுத்தினார்கள். 1981-ல் கிளாஸ் 140 என்ற இரண்டு பெட்டி மாதிரி ரயில் வெளிவந்தது. எடை கூடியிருந்தது. உள்ளே இரைச்சலும் அதிகம்.

அதிலிருந்து செலவைக் குறைத்துச் செய்ததுதான் கிளாஸ் 141. இரண்டு பெட்டி ரயில்கள் 20. 1984-ல் லீட்ஸ் நகரைச் சுற்றி ஓடத் தொடங்கின. இதன் உடம்பு அசல் பஸ் அகலமே. ரயில் பாதையில் அதைவிட அகலமாகப் போக இடம் இருந்தும் பஸ் தொழிற்சாலையின் அளவையே வைத்துக்கொண்டார்கள். அடுத்த கிளாஸ் 142-ல் அதை அகலப்படுத்தினார்கள். மூன்றும் இரண்டுமாகச் சீட் போட முடிந்தது. நான் தினமும் போனது இதில்தான். 1985 முதல் 1987 வரை 96 ரயில்கள் கட்டினார்கள். அதே காலத்தில், ஸ்காட்லாந்தின் வால்டர் அலெக்சாண்டர் என்ற இன்னொரு பஸ் கம்பெனியின் உடம்பை வைத்து கிளாஸ் 143 (25 ரயில்கள்), கிளாஸ் 144 (23 ரயில்கள்). மாதிரி ரயிலையும் சேர்த்தால் குடும்பத்தில் மொத்தம் 165.

ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு லேலண்ட் பஸ் எஞ்சின், 200 குதிரைத்திறன். கியர்பாக்ஸும் பஸ் வழி வந்ததுதான். உச்ச வேகம் மணிக்கு 120 கி.மீ. ஒரு பெட்டி ஏறக்குறைய 25 டன். அதே காலத்தில் போகி வைத்துக் கட்டப்பட்ட ஸ்பிரிண்டர் வகை ரயிலின் பெட்டி சுமார் 35 டன். எடை குறைந்தால் டீசலும் குறையும். கணக்குப் போட்டவர்களுக்குத் திருப்தி.

வளைவில் மாட்டிக்கொண்டது

1985-ல் பதின்மூன்று கிளாஸ் 142 ரயில்களை இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள கார்ன்வால், டெவன் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் சாக்லேட், கிரீம் நிறம் பூசி, ‘ஸ்கிப்பர்’ என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். கார்ன்வால் கிளைப் பாதைகள் ஆற்றோரமாகவும் மலை மடிப்பிலும் நெளிந்து போகிறவை. அங்கே பேசர் திணறியது.

காரணம் முன்னால் சொன்ன அதே கணக்கு. பேசரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 9 மீட்டர். போகி இல்லாததால் வளைவில் அச்சு போதுமான அளவு திரும்பாது. நேர்ப்பாதையில் ஆட்டம் வரக்கூடாது என்பதற்காக அச்சை விறைப்பாகப் பிடித்துவைத்தால், வளைவில் அதே விறைப்பு எதிரியாகிவிடும். சக்கரம் உருளாமல் தண்டவாளத்தை உரசும். அதுதான் அந்தக் கிறீச். சக்கர விளிம்புகள் தேய்ந்தன. 1987-க்குள் ஸ்கிப்பர்களை வடக்கே அனுப்பிவிட்டார்கள்.

தலையாட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் பாதைகளில் தண்டவாளத் துண்டு 60 அடி, அதாவது 18.3 மீட்டர். இணைப்பு உள்ள இடம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பேசரின் அச்சு இடைவெளி 9 மீட்டர், கிட்டத்தட்ட சரிபாதி. முன் அச்சு பள்ளத்தில் இருக்கும்போது பின் அச்சு துண்டின் நடுவில், மேட்டில் இருக்கும். அடுத்த நொடி மாறும். மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஒரு தலையாட்டல். பேப்பர் படிக்க முடியாமல் ஒருநாள் ரயிலிலேயே இந்தக் கணக்கைப் போட்டேன். ‘தலையாட்டும் கழுதை’ என்று ஊர்க்காரர்கள் வைத்த பெயர் எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது.

இவற்றைப் படித்தால் பேசர் ஒரு தவறு என்று எழுதிவிட்டுப் போகத் தோன்றும். இணையத்தில் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

1983-ல் என்ன நிலைமை

பேசர்கள் தொழிற்சாலையில் உருவாகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1983 ஜனவரியில், சர் டேவிட் செர்பெல் தலைமையிலான குழுவின் அறிக்கை வெளிவந்தது. ரயில்வேயின் நிதி நிலையைச் சீராக்கப் பல வழிகளை அது பட்டியலிட்டது. அதில் ஒரு வழி, அரசு மானியமே இல்லாமல் ரயில்வே நடக்க வேண்டும் என்றால் எவ்வளவு பாதை மிஞ்சும் என்ற கணக்கு. சுமார் 10,370 மைல் பாதையில் 1,630 மைல்தான் மிஞ்சும் என்று வந்தது. நாட்டின் வரைபடத்தில் ஒரு சில கோடுகள்.

பெரிய எதிர்ப்பு கிளம்பியது. யாரும் அதை நிறைவேற்றவில்லை. ஆனால் அந்த வரைபடத்தைப் போட்டுப் பார்க்கும் மனநிலையில் ஒரு அரசாங்கம் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. அந்த ஆட்களிடம் போய், பத்துப் பேர் ஏறும் கிளைப் பாதைக்கு நல்ல கனமான போகி ரயில் வாங்கித் தாருங்கள் என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும்? “ரயிலே வேண்டாம், பஸ் விட்டுவிடலாம்” என்றுதான். ரயில்வேக்காரர்கள் அதற்குக் கொடுத்த பதில், பஸ்ஸையே ரயிலாக்கியது.

வடக்கு இங்கிலாந்தின் பல பாதைகள் அந்தப் பத்தாண்டைத் தாண்டி வந்ததில் பேசருக்குப் பங்கு உண்டு. யார்க்‌ஷயர், லங்காஷயர் ஊர்களின் உள்ளூர்ப் போக்குவரத்து அமைப்புகளால் தாங்க முடிந்த விலையில் ஒரு ரயில் இருந்தது. 1985-ல் எடுத்த முடிவு, 1985-ன் நிலைமைக்குச் சரியான முடிவு. நான் அந்த மேஜையில் இருந்திருந்தாலும் கையைத் தூக்கியிருப்பேன்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

இரண்டாவது முடிவு

இருபது வருஷ ஆயுள் என்று சொல்லி வாங்கினால், பதினைந்தாவது வருஷம் யாராவது உட்கார்ந்து அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டும். 1990-களின் நடுவில் பிரிட்டிஷ் ரயில்வேயைத் தனியார்மயமாக்கிப் பிரித்தார்கள். ரயில் பெட்டிகளின் சொந்தக்காரர்கள் ஒரு கம்பெனி, வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள் இன்னொரு கம்பெனி, அதுவும் சில வருஷ ஒப்பந்தத்தில், தண்டவாளம் வேறொருவருடையது, மானியம் அரசினுடையது. ஏழு வருஷ ஒப்பந்தக்காரர், முப்பது வருஷம் ஓடும் ரயிலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் யாருடைய வேலையும் அல்ல.

1999 ஜூன் 23-ம் தேதி செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் அருகே, சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்துவிட்ட ஒரு கிளாஸ் 142-ன் மேல் எக்ஸ்பிரஸ் ரயில் மோதியது. பேசரில் பயணிகள் யாரும் இல்லை. உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் அந்தப் பேசர் நொறுங்கியிருந்த விதத்தைப் பார்த்தவர்கள், உள்ளே ஆட்கள் இருந்திருந்தால் என்று கேட்டார்கள். கேள்வி எழுந்தது; ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

2004-ல் வடக்கு இங்கிலாந்து ரயில்களுக்கான ஒப்பந்தத்தைப் புதிதாகக் கொடுத்தபோது, பயணிகள் எண்ணிக்கை வளராது என்ற அனுமானத்தில் கொடுத்தார்கள். வளர்ச்சி இல்லை என்றால் புது ரயிலும் தேவையில்லை. நடந்தது நேர் எதிர். மான்செஸ்டரும் லீட்ஸும் மீண்டு எழுந்து, வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலுக்கு வந்தார்கள். 2007-ல் நான் தொங்கிக்கொண்டு போனது அந்தக் கூட்டத்தில்தான். ஆள் வராத கிளைப் பாதைக்கென்று செய்த வண்டி, நெரிசல் நேரத்து நகர வண்டியாகிவிட்டது.

ஒவ்வொரு முறையும் கணக்கு ஒன்றே சொன்னது: புது ரயிலுக்குப் பெரும் பணம் வேண்டும், பழைய ரயிலுக்கு வாடகை மலிவு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் பிழையே இல்லை. இருபது வருஷத்தையும் சேர்த்துப் பார்க்கும் நாற்காலியில்தான் ஆள் இல்லை.

இது சும்மா ஊகம் இல்லை. 2015-ல் எழுத்திலேயே வந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் பேசர்களை ஒழித்து, குறைந்தது 120 புதுப் பெட்டிகள் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடலாமா என்று யோசித்தபோது, போக்குவரத்துத் துறையின் தலைமை அதிகாரி பிலிப் ரட்னம், செலவாகும் பணத்துக்குத் தக்க பயன் இதில் இல்லை என்று ஆட்சேபித்தார். அது அவர் கடமை. பிரிட்டனில் ஒரு நடைமுறை உண்டு. அதிகாரி அப்படிச் சொன்ன பிறகும் செய்ய வேண்டுமானால், அமைச்சர் தன் பொறுப்பில் எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். அமைச்சர்கள் அபூர்வமாகத்தான் அதைச் செய்வார்கள். அப்போதைய அமைச்சர் பேட்ரிக் மெக்லாக்லின் செய்தார். அவர் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. பேசர்கள் பிறந்த டெர்பி நகரை ஒட்டிய தொகுதியின் எம்.பி. வடக்கின் பொருளாதாரம் வளர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அங்கே பேசர்களை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

கணக்கு வேண்டாம் என்று சொன்னது. ஒரு ஆள் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். அதிகாரியின் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் நாற்பது நிமிஷம் அந்தக் கிறீச்சைக் கேட்டுக்கொண்டு போகும் நர்ஸுக்கு, நம்மைப் பற்றி இந்த நாடு என்ன நினைக்கிறது என்று தோன்றுமே, அதற்கு எக்செல்லில் ஒரு கட்டம் கிடையாது. லண்டனைச் சுற்றி பேசர்கள் ஓடவில்லை என்பதை வடக்கத்தியர்கள் எல்லோரும் அறிவார்கள்.

ஒரு தேதி செய்த வேலை

அமைச்சரின் உத்தரவுக்குப் பக்கபலமாக இன்னொன்றும் இருந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம். 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு ஓடும் பயணிகள் ரயில்கள் எல்லாம் சக்கர நாற்காலிக்கு ஏற்ற இடம், கதவு, கழிப்பறை வசதியோடு இருக்க வேண்டும். பல வருஷத்துக்கு முன்பே குறித்த தேதி. பேசர்களில் அது இல்லை. ஒரு கிளாஸ் 144-ஐ மட்டும் அந்த விதிகளுக்கு ஏற்ப மாற்றி, இதைப் பாருங்கள், இன்னும் ஓட்டலாம் என்று 2015-ல் அதன் சொந்தக்காரக் கம்பெனி காட்டிப் பார்த்தது. அந்த அளவுக்கு ஆசை விடவில்லை. ஆனால் எடுபடவில்லை.

2019 ஜூலையில் ஸ்பெயின் நாட்டு கம்பெனி கட்டிய கிளாஸ் 195 ரயில்கள் வடக்கில் ஓடத் தொடங்கின. வழக்கம்போலத் தாமதம், பேசர்கள் சிறப்பு அனுமதி வாங்கிக் கெடுவைத் தாண்டியும் கொஞ்ச காலம் ஓடின. வடக்கு இங்கிலாந்தில் கடைசி பேசர் ஓடியது 2020 நவம்பர் 27. வேல்ஸில் 2021 மே மாதக் கடைசி. அத்துடன் முடிந்தது.

முடிந்தது என்றால், முழுக்க முடியவில்லை. கிளாஸ் 141-கள் சில முன்பே ஈரானுக்குப் போயிருந்தன. மற்றவற்றில் நிறைய உடைப்புக்குப் போனாலும், தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்வேக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கின. விலை மலிவு, பஸ் மாதிரி ரிப்பேர் பார்க்கலாம். அரசே ஒரு போட்டி வைத்து, சில பெட்டிகளைப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்தது. பிராட்ஃபோர்டில் ஒரு தொடக்கப் பள்ளி, அறிவியல் கூடம் ஆக்குகிறோம் என்று சொல்லி ஒன்றை வென்றது. முப்பத்தைந்து வருஷம் திட்டித் தீர்த்த வண்டியின் கடைசிப் பயணத்துக்கு ஜனங்கள் கேமராவோடு வந்து வழியனுப்பினார்கள்.

என் பேசர்

எனக்கு இந்தக் கதை ஒட்டிக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதே 2007-ல், மான்செஸ்டரில், ஒரு வாடிக்கையாளருக்காக இரவில் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு டேட்டாவை மாற்ற. புது சிஸ்டம் முழுதாக வரும்வரை மூன்று மாதம் ஓடினால் போதும். மேலேயே ‘தற்காலிகம்’ என்று கமெண்ட் போட்டேன். நல்ல ஸ்கிரிப்ட்தான், அன்றைய தேவைக்குச் சரியாக இருந்தது. 2019-ல் முன்பின் தெரியாத ஒரு பையனிடமிருந்து மெயில்: “சார், இதுல உங்க பேர் இருக்கு. இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ல முடியுமா? இதைத் தொட எல்லாருக்கும் பயமா இருக்கு.”

வெட்கமாக இருந்தது. பேசரைப் பற்றி அத்தனை பேரிடம் சிரித்துப் பேசிய ஆள் நான்.

அப்புறம் யோசித்தேன். நான் எழுதியதில் தப்பு இல்லை. மலிவாக, அவசரமாக, இருப்பதை வைத்துச் செய்வது பல சமயம் சரியான பொறியியல். ‘தற்காலிகம்’ என்று எழுதிவிட்டு, எப்போது எடுக்க வேண்டும், யார் எடுக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டேனே, அதுதான் தப்பு. பேசரையும் கடைசியில் நிறுத்தியவை ஒரு சட்டத்தில் எழுதியிருந்த ஒரு தேதியும், ஒரு தாளில் போட்ட ஒரு கையெழுத்தும்தான். அவை இரண்டும் 1985-லேயே இருந்திருந்தால், நான் ரோஸ் ஹில்லில் ஏறியபோது வேறு ரயில் வந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் என் டீமில் யாராவது, “இது டெம்ப்ரவரி சார்” என்றால் இரண்டு கேள்வி கேட்கிறேன். எந்தத் தேதி வரைக்கும்? அன்னிக்கு யார் எடுக்கணும்? பதில் வரும்வரை அப்ரூவ் செய்வதில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பரவாயில்லை, பேசரில் போயிருந்தால் அவர்களுக்கும் புரிந்திருக்கும்.